அடைத்த வாயில்களும் ஓர் அறிஞரும்

பெரியோர் வரலாறுகளை இளைஞர்க்கு எடுத்துரைப்போர் இறுதியில் ஒரே நீதியை வற்புறுத்துதல் வழக்கம். இடையூறுகள் எத்துணை நேரினும் ஊக்கமுடையான் வெற்றி பெறுவான். ஆதலின் நீவிரும் ஊக்கமுடையராகுக என்பதே அது. அந்நீதி பொய்யன்று, எனினும் அது பாதி மெய்யே என்பது எமது கருத்து. இடையூறு என்பது மழையும் வெயிலும் போலத் தானே வருவதொன்றாயின், அதனைப் பொறுத்து வென்றவனைப் புகழ்ந்து அமைதல் தகும். மாந்தரே மாந்தர்க்கு இட்ட இடையூறாயின், வென்றவனைப் புகழ்ந்ததோடு நின்று, இட்டவரை வினவாது விடுதல் எங்ஙனம் தகும்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்ந்த இரசாயனப் பேரறிஞர் பெர்சி லவோன் ஜூலியன் என்பாரின் வாழ்க்கை இவ்வினாவை நம்முன் நிறுத்துகின்றது. இலக்கியம் பயிலும் யாம் இரசாயனத் துறையினுள் அடியெடுத்து வைத்ததைச் சாத்திர மாணவ நண்பர்கள் பொறுத்தருள்வாராக. யாம் கூறப் புகுந்தது குடுவையைப் பற்றி மட்டுமன்று. அக்குடுவையைக் கையிலேந்தும் உரிமை எவர்க்குத் தரப்படுகின்றது என்பதைப் பற்றியுமாம்.

ஜூலியன் 1899ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 11ஆம் நாள் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரிற் பிறந்தார். தந்தையார் இரயில்வே அஞ்சற் பகுதியில் எழுத்தர். தாயார் பள்ளி ஆசிரியை. பாட்டனார் அடிமையாயிருந்தவர். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட குற்றத்திற்காக அவருடைய வலக்கை விரல்கள் இரண்டு வெட்டப்பட்டன என்று ஜூலியன் பிற்காலத்திற் கூறியதுண்டு. எழுத்தறிந்தமைக்கு விரல் இழந்தவரின் பேரன், தன் விரல்களாற் செய்த நுண்பணிக்காக உலகப் புகழ் பெற்றான் என்பது எண்ணி எண்ணி வியத்தற்குரியது.

அந்நகரில் வெள்ளையர் சிறார்க்கு உயர்தரப் பள்ளி உண்டு. கறுப்பினச் சிறார்க்கு எட்டாம் வகுப்புக்கு மேல் அரசினர் பள்ளி இல்லை. ஆயினும் கல்வியே செல்வமெனக் கருதிய பெற்றோர், தம் மக்கள் அறுவரையும் கலாசாலைக் கல்விக்கு அனுப்பினர். மூத்தவராகிய ஜூலியன் 1916இல் இந்தியானா மாநிலத்துக் கிரீன்காசில் என்னும் ஊரிலுள்ள டிபா சர்வகலாசாலையை அடைந்தார். அது மெதடிஸ்டு திருச்சபையார் 1837இல் நிறுவிய கல்விக்கூடம். பள்ளிப் படிப்பிற் குறையிருந்தமையால், கலாசாலைப் பாடங்களோடு உயர்தரப் பள்ளிப் பாடங்களையும் இரண்டாண்டுகள் அவர் உடன் பயில வேண்டியதாயிற்று. மாணவர் விடுதியில் அவர்க்கு இடமில்லை. வெள்ளை மாணவர் சங்கமொன்றின் மாளிகையில் அடுப்பெரித்தும் உணவு பரிமாறியும் பொருளீட்டி, அம்மாளிகையின் கூரையடி அறையிற் படுத்துறங்கிப் படித்தார். 1920இல் வகுப்பு முழுவதற்கும் முதல்வராய்த் தேறினார்.

இதுகாறும் கூறியது ஊக்கத்தின் வரலாறு. இனிக் கூறுவது வாயில்களின் வரலாறு.

உடன் தேறிய மாணவர் பலர் மேற்படிப்புக்கு உதவித்தொகை பெற்று வெவ்வேறு சர்வகலாசாலைகளுக்குச் செல்லலாயினர். முதல்வராய்த் தேறியவர்க்கோ அழைப்பொன்றும் வந்திலது. இரசாயனப் பேராசிரியர் பிளான்சார்டு என்பார் தம் மாணவருக்காகப் பல இடங்கட்கும் எழுதிக் கேட்டார். வந்த மறுமொழிகளின் சாரம் ஒன்றே. கறுப்பினத்தான் ஒருவன் டாக்டர் பட்டம் பெறினும் தொழிற்சாலையிலோ வெள்ளையர் கலாசாலையிலோ வேலை கிடையாது. தன் இனத்தார் கலாசாலையிற் கற்பிப்பதற்கு அப்பட்டம் வேண்டுவதில்லை. ஆதலின் அவனுக்கு அவ்வாசையை மாற்றுக என்பதே அது. ஆசையை மாற்றுதற்கு மாறாக, ஜூலியன் பிஸ்க் சர்வகலாசாலையில் ஆசிரியராய் அமர்ந்து, பின்னர் உதவித்தொகை பெற்று ஹார்வர்டு சென்று, 1923இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அங்கு டாக்டர் பட்டத்திற்குப் பயில வேண்டின், இளைய மாணவர்க்குக் கற்பித்து ஊதியம் பெறும் துணையாசிரியர் பதவி வேண்டும். கறுப்பினத்தான் கற்பிப்பதை வெள்ளை மாணவர் விரும்பாரென அப்பதவி மறுக்கப்பட்டது. மீண்டும் மேற்கு வர்ஜீனியாவிலும், பின்னர் வாஷிங்டன் நகரத்து ஹாவர்டு சர்வகலாசாலையிலும் ஆசிரியத் தொழில்.

1929இல் நிதியுதவி பெற்றுக் கடல் கடந்து ஆஸ்திரிய நாட்டு வியன்னா நகரை அடைந்தார். அங்கு எர்னஸ்ட் ஸ்பெத் என்னும் பேராசிரியரிடம், செடிகளிற் காணப்படும் ஆல்கலாய்டு என்னும் பொருள்களை ஆராய்ந்து, 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆராய்ச்சிக்கூடத்தில் சமமாய் நடத்தப்பட்டதோடு, நண்பர் இல்லங்களிலும் இசையரங்குகளிலும் தடையின்றிப் புகவும் அவர்க்கு அங்கே இயன்றது. தாய்நாட்டிற் பெறாததை அயல்நாட்டிற் பெற்றார். வகுப்பில் முதல்வராய்த் தேறியதற்கும் டாக்டர் பட்டம் பெற்றதற்கும் இடையே கழிந்தவை 11 ஆண்டுகள். அவை அறிவுக் குறையாற் கழிந்தன அல்ல.

நிற்க. அவருடைய முதற் பெருஞ்சாதனையைச் சிறிது விளக்குவாம். மேற்கு ஆப்பிரிக்காவிற் கலபார் என்னும் பகுதியில் ஒருவகை நச்சு அவரை விளைகின்றது. சூனியக் குற்றஞ் சாட்டப்பட்டாரை அதனை உண்ணச் செய்து, உயிர் பிழைத்தாற் குற்றமற்றவரெனவும் இறந்தாற் குற்றவாளியெனவும் தீர்ப்புக் கூறுதல் அந்நாட்டார் வழக்கமாயிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அங்குச் சென்ற ஸ்காத்லாந்து மிஷனரிமாரின் வாயிலாக அவ்வவரை எடின்பரோ நகரத்து மருத்துவ அறிஞர்க்குக் கிடைத்தது. அதன் நஞ்சு பைசோஸ்டிக்மின் என்னும் ஆல்கலாய்டு. 1864இல் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. அளவறிந்து கண்ணிலிட, அது கண்மணியைச் சுருக்கிக் கண்ணினுள்ளிருக்கும் அழுத்தத்தைக் குறைக்கும். ஆதலின் கிளாக்கோமா என்னும் பார்வை கெடுக்கும் நோய்க்கு அது மருந்தாயிற்று. அதன் அமைப்பு 1925இல் அறியப்பட்டது. ஆயினும், எளிய பொருள்களைக் கொண்டு படிப்படியே அதனை ஆராய்ச்சிக்கூடத்திற் கட்டியெழுப்புதல் அரியதாகவே நின்றது.

1932இல் டிபாவுக்குத் திரும்பிய ஜூலியன், வியன்னாவிலிருந்து உடன் வந்த தோழர் யோசெப் பிக்கல் என்பாரோடும் தம் மாணவரோடும் இவ்வேலையை மேற்கொண்டார். அதே வேலையில் ஆக்ஸ்போர்டிலே ஈடுபட்டிருந்தவர் இராபர்ட் இராபின்சன் என்னும் பேரறிஞர். பின்னர் 1947இல் நோபல் பரிசு பெற்றவர். முடிவுக்குச் சற்று முன்னதாகிய ஈசரெத்தோல் என்னும் பொருளை ஆக்கிவிட்டதாக இராபின்சன் குழுவினர் வெளியிட்டனர். ஜூலியன் ஆக்கிய ஈசரெத்தோலோ அவர் கூறியதனோடு ஒத்திலது. இருவருள் ஒருவர் பிழைத்திருத்தல் வேண்டும். உலகறிந்த பேராசிரியர் ஒருபுறம். நிலையான பதவியும் இல்லாத கறுப்பின ஆராய்ச்சியாளர் மற்றொருபுறம். ஜூலியன் தளர்ந்திலர், தமதே மெய்யானதென அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் இதழில் வெளிப்படையாய் எழுதினார்.

இவ்வழக்கைத் தீர்ப்பதற்கு அறிவியலில் எளியதொரு வழி உண்டு. தூய பொருள் ஒவ்வொன்றும் ஒரு குறித்த வெப்பநிலையில் உருகும். இயற்கையிற் கிடைத்ததும் கையால் ஆக்கியதும் ஒரே வெப்பநிலையில் உருகி, இரண்டையும் கலந்தபோதும் அந்நிலை மாறாதிருப்பின், அவை ஒன்றே எனத் துணியலாம். ஜூலியன் ஆக்கியது இயற்கைப் பொருளோடு ஒத்தது, இராபின்சனுடையது ஒத்திலது. 1935இல் பைசோஸ்டிக்மின் முழுமையாய்க் கட்டியெழுப்பப்பட்டது. ஜூலியனுக்கு அப்போது வயது 35. கண்ணாடிக் குழாயிலிட்ட பொடி, தன்னை ஆக்கிய கையின் நிறத்தைப் பார்த்து உருகுவதில்லை. ஆக்கியவன் பட்டத்தையும் பதவியையும் வினவுவதுமில்லை. கலபாரில் அவ்வவரை மக்களைச் சோதித்த முறை நியாயமற்றது. கிரீன்காசிலில் மக்கள் அவ்வவரையைச் சோதித்த முறை நியாயமானது. அறிவியலின் மாண்பு இதுவே.

அறிவியல் நடுநிலை காத்தது. அறிஞர் கூடிய மன்றம் காத்திலது. உலகறியப் பெருமை தேடித்தந்தவரைப் பேராசிரியராக அமர்த்த டிபா நிருவாகத்தினர் இசைந்திலர். அவருடைய நிறமே காரணம். பெரிய இரசாயனத் தொழில் நிறுவனமொன்று, வெள்ளையராகிய பிக்கலுக்கு வேலை தந்து ஜூலியனை விலக்கிற்று. விஸ்கான்சின் மாநிலத்து ஆப்பிள்டன் நகரில் காகித இரசாயன நிலையத்தார் அவரை அமர்த்த எண்ணினர். அந்நகரிற் கறுப்பினத்தார் இரவு தங்குதல் தடையென்பதால் அதுவும் கைகூடவில்லை. இறுதியில் 1936இல், கிளிடன் என்னும் வண்ணப்பூச்சு நிறுவனத்தின் துணைத் தலைவர் ஓபிரையன் என்பார் அவரைச் சிகாகோ நகருக்கு அழைத்து, சோயா அவரை ஆராய்ச்சிப் பகுதிக்குத் தலைவராக்கினார்.

அங்கு அவர் ஆற்றிய பணி கலாசாலைகள் இழந்தது இன்னதெனக் காட்டும். சோயா அவரையின் புரதத்தைப் பிரித்துக் காகிதத்திற்கு மேற்பூச்சாக்கினார். அப்புரதத்திலிருந்தே எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை ஆக்கப்பெற்று, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையாரின் கப்பல்களுக்குக் காப்பாயிற்று. ஒருமுறை, சோயா எண்ணெய்த் தொட்டியொன்றில் நீர் கசிந்து வெண்ணிறக் கட்டியாய்ப் படிந்தது. எண்ணெய் கெட்டதென்று பிறர் கவன்றபோது, ஜூலியன் அவ்வெண்பொருளை இன்னதென உணர்ந்தார். கலபார் அவரையில் முன்னர்த் தாம் கண்டிருந்த ஸ்டிக்மாஸ்டெரால் என்னும் பொருளே அது. அப்பொருளைப் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனாக மாற்றலாமென்பதை ஜெர்மானிய அறிஞர் முன்னரே காட்டியிருந்தனர். கருச்சிதைவைத் தடுக்கவென மருத்துவர் வேண்டி நின்றதும், விலங்குகளின் உடலுறுப்புகளிலிருந்து மிகச் சிறிதளவே கிடைத்ததுமாகிய அதனை, சோயா எண்ணெயிலிருந்து தொழிற்சாலை அளவில் ஆக்கிக் காட்டியவர் ஜூலியன்.

கீல்வாத நோயாளர்க்குக் கார்டிசோன் என்னும் மருந்து வியத்தகு நலம் பயத்தலை 1949இல் அமெரிக்க மருத்துவர் வெளியிட்டனர். அதனை மாட்டின் பித்தநீரிலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட படிகளில் ஆக்கவேண்டியிருந்தமையால் விலை மிக அதிகம். அதே ஆண்டில் ஜூலியன், அம்மருந்துக்கு மிக நெருங்கியதும் ஓர் ஆக்சிஜன் அணு மட்டும் குறைந்ததுமாகிய எஸ் என்னும் சேர்மத்தைத் தாவரப்பொருளிலிருந்து ஆக்கும் வழியைக் கண்டார். குறைந்த அவ்வணுவை நுண்ணுயிர்களைக் கொண்டு ஏற்றும் முறை பின்னர்த் தோன்றவே, ஹைட்ரோகார்டிசோன் என்னும் உறவு மருந்தை ஆக்குதற்கு அது வழியாயிற்று. கார்டிசோனைக் கண்டவர் ஜூலியனே எனச் சிலர் கூறுவர், அது மிகை. மெய்யான புகழே போதியதாயிருக்க, மிகைப்புகழ் வேண்டாம்.

1950இல் சிகாகோ நகரத்து நாளிதழொன்று அவரை அவ்வாண்டின் சிறந்த சிகாகோவாசி எனப் பாராட்டிற்று. அதே 1950இல், ஓக் பார்க் என்னும் புறநகரில் அவர் வாங்கிய வீட்டிற்கு, குடிபுகு முன்னரே தீ வைக்க முயன்றனர் சிலர். 1951 ஜூன் திங்களில், குழந்தைகள் உறங்கும் அறைப்பக்கம் வெடிகுண்டு வீசினர். எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரைக்கு வழி கண்டவரின் இல்லத்திற்கே எண்ணெயூற்றித் தீயிட்ட கொடுமையை என்னென்பது! அவரும், சமூகவியலில் டாக்டர் பட்டம் பெற்ற மனைவியார் அன்னாவும் அவ்வூரை விட்டு அகன்றிலர். ஊரார் பலரும் அவர் பக்கம் நின்றனர் என்பதையும் மறத்தல் ஆகாது.

பின்னர் 1953இல் தமக்கெனச் சொந்த ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். பிற இடங்களில் வாயில் அடைக்கப்பட்ட கறுப்பின இரசாயனர் பலர்க்கு அது வேலை தந்தது. 1961இல் அந்நிறுவனத்தை 23 இலட்சம் டாலருக்கு விற்றார். நூற்றுக்கு மேற்பட்ட உரிமைப் பட்டயங்கள் அவருடையன. 1947இல் ஸ்பிங்கார்ன் பதக்கம் பெற்றார். 1973இல் அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கறுப்பின இரசாயனருள் அப்பெருமை பெற்ற முதல்வர் அவரே. 1975 ஏப்பிரல் 19ஆம் நாள் மறைந்தார்.

இனி எமது கருத்துக்கு வருவாம். இவ்வரலாற்றைப் படிப்போர் சிலர், வாயில்கள் அடைபட்டமையாலன்றோ அவர் இத்துணை உயர்ந்தார், டிபாவிற் பேராசிரியராய் அமர்ந்திருப்பின் சோயா அவரையைத் தொட்டிருப்பாரா என வினவுவர். இது கேட்பதற்கு இனியது, ஆராயின் பொருந்தாது. அடைத்தவர் எவரும் அவரை உயர்த்தும் பொருட்டு அடைத்திலர். பிளான்சார்டு, ஸ்பெத், ஓபிரையன் என யாரேனும் ஒருவர் வாயில் திறந்தபோதெல்லாம் அவர் ஓரடி உயர்ந்தார். அடைபட்டபோதெல்லாம் ஆண்டுகளை இழந்தார். மேலும், ஜூலியனை நாம் அறிவது அவர் பிழைத்து வந்தமையால். மான்ட்கோமரியின் எட்டாம் வகுப்போடு நின்றவர் எத்துணையர்! பிளான்சார்டைப் போன்ற ஆசிரியர் கிடையாதவர் எத்துணையர்! வியன்னாவைக் காணாதவர் எத்துணையர்! அவர் பெயர்களை எந்த மலரிலும் எவரும் எழுதார். வென்ற ஒருவரைக் காட்டி, வாயில் அடைத்திருப்பதாற் கேடில்லை எனக் கூறுதல், கரையேறிய ஒருவனைக் காட்டி ஆற்றில் வெள்ளமே இல்லை என்பது போலாம்.

வேறு சிலர், அக்காலத்து வழக்கம் அது. அக்கால மக்களை இக்கால அளவுகோலால் அளத்தல் முறையன்று என்பர். அக்காலத்து மக்களைக் கொண்டே அக்காலத்தை அளப்போம். இல்லினாய் சர்வகலாசாலை 1916இலேயே செயின்ட் எல்மோ பிரேடி என்னும் கறுப்பினத்தார்க்கு இரசாயனத்தில் டாக்டர் பட்டம் தந்தது. பிளான்சார்டும் அக்காலத்தவரே, ஓபிரையனும் அக்காலத்தவரே. அவர்கட்கு இயன்றது ஏனையோர்க்கு இயலாதது ஏன்? வழக்கம் என்பது எவர் கையினின்றும் தானே இறங்கி வருவதன்று; ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் கையெழுத்திட்டே அதனை நடத்துகின்றனர்.

டிபா கலாசாலையைக் குறித்து யாம் நெடிது எண்ணினோம். வேறு பல கலாசாலைகள் ஏற்க மறுத்த காலத்தில் அது ஜூலியனை மாணவராய் ஏற்றது. அதற்குப் புகழ் உரியது. பேராசிரியர் இருக்கையை மறுத்தது. அதற்குப் பழி உரியது. அவர் மறைந்து ஐந்தாண்டுகள் கழித்து, 1980இல், தன் அறிவியற் கட்டடத்திற்கு அவர் பெயரைச் சூட்டியது. பைசோஸ்டிக்மின் ஆக்கப்பட்ட இடமென்று 1999இல் அமெரிக்க இரசாயனச் சங்கமும் அதனைச் சிறப்பித்தது. இவை நன்றே. எனினும் கட்டடத்தின்மேற் பெயர் பொறித்தல் எளிது. கட்டடத்தினுள் இருக்கை தருதலே அரிது. மாணவர் இருக்கையில் அமர்த்துதல் அருள்; ஆசிரியர் இருக்கையில் அமர்த்துதல் நீதி. கிறிஸ்துவின் பெயரால் நிறுவப்பெற்ற கல்விக்கூடம் அருளோடு அமைந்துவிடலாகாது என்பது எமது துணிபு. கீழே நிற்பவனுக்குக் கைகொடுப்போர் பலர். அவன் தம்மோடு சமமாய் மேலே வந்து நிற்கும்போது அக்கையை விடாதிருப்போர் சிலரே.

பிறப்பைக் கொண்டு மக்களை அளக்கும் வழக்கம் நம் நாட்டிற்கும் புதிதன்று. இம்மலரைப் படிக்கும் நண்பர்களுள் நாளை ஆசிரியராவார் பலர். விண்ணப்பங்களைத் தெரிந்தெடுக்கும் குழுக்களில் அமர்வார் பலர். வீடு வாடகைக்கு விடுவாரும் பலர். பழைய மாணவப் பெரியோர்களோ இப்பொழுதே அவ்விடங்களில் அமர்ந்துள்ளீர்கள். ஜூலியனைப் போல் ஊக்கமுடையராகுக என எம்போன்ற இளைஞர்க்கு அறிவுரை கூறுங்கள், தலைவணங்கி ஏற்போம். அதனோடு, பிளான்சார்டைப் போல் மாணவனுக்காக எழுதிக் கேட்கவும், ஓபிரையனைப் போல் தகுதியை மட்டும் நோக்கி அழைக்கவும் உறுதி கொள்ளுங்கள். உங்கள் மேசைக்கு வரும் விண்ணப்பத்தில் ஊரையும் குலத்தையும் தேடும் கண், முதலில் அவன் செய்த வேலையைத் தேடுக. உருகுநிலையைப் பார்த்துத் தீர்ப்புக் கூறும் நேர்மையை ஆராய்ச்சிக்கூடத்தில் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே வருதல் கற்றோர்க்கு அழகன்று.